ஃபார்ம் 700-இல் என் கையெழுத்து

1971 நவம்பர் 22, திங்கட்கிழமை. பிற்பகல் 2.51-க்குக் கல்கத்தா டம்டம் ஓடுபாதையிலிருந்து நான்கு நாட் விமானங்கள் கிளம்பின. மூன்று மணி வாக்கில் போய்ரா என்ற எல்லைக் கிராமத்தின் மேலே பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு மோதின. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. முறைப்படி போர் மூளுவதற்குப் பதினோரு நாள் முன்பே நடந்த சண்டை அது. வங்கதேசப் போரைப் பற்றிய நூல்களில் அந்தச் சில நிமிடங்களுக்கு ஓரிரு பக்கமாவது ஒதுக்கியிருப்பார்கள். நான்கு விமானிகளின் பெயரும், ரேடார் முன் உட்கார்ந்து அவர்களுக்கு வழி சொன்ன அதிகாரியின் பெயரும் இருக்கும். இருக்கத்தான் வேண்டும். அந்த விமானங்களின் பீரங்கிகளில் தோட்டா ஏற்றியவர்களைப் பற்றி ஒரு வரியும் நான் படித்ததில்லை. ஏற்றியவர்களில் நானும் ஒருவன். பள்ளிப்பட்டு நெசவாளியின் மகன்; விமானப்படையில் ஆர்மரர்.

எங்கள் ஊர் எல்லை ஊர். நான் பிறந்தபோது சித்தூர் மாவட்டம். ஆந்திர எல்லைத் தகராறில் வந்த படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி வட்டாரத்தோடு சேர்ந்து சென்னை ராஜ்ஜியத்துக்கு வந்தோம். அப்போது செங்கல்பட்டு மாவட்டம், இப்போது திருவள்ளூர். கார்வேட்டி நகரத்தில் அத்தை, நகரியில் மாமா, பொதட்டூர்பேட்டையில் சித்தப்பா. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சந்தையில் இரண்டும். எல்லைக்காக மறியல், கூட்டம், சிறை என்று பெரியவர்கள் பட்டதெல்லாம் உண்டு. பையன்களான எங்களுக்குப் பள்ளிக்கூடப் புத்தகமும் பஸ்ஸின் போர்டும்தான் மாறின. கல்யாணம் காட்சி எல்லாம் கோட்டைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தன. எல்லை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வளர்ந்தவன் நான். வங்காளத்தில் நான் கண்ட எல்லை வேறு.

1965 போர்ச் செய்திகளை ஊர்ப் பஞ்சாயத்து ரேடியோவின் அடியில் நின்று கேட்டவர்களில் பாதிப் பேருக்குப் பட்டாளத்தில் சேரும் ஆசை வந்தது. எனக்கும் வந்தது. நைனாவின் குழித்தறியில் ஆறு பேர் சாப்பிட முடியவில்லை என்பதும் ஒரு காரணம். தாம்பரத்தில் ஆள்தேர்வு. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழும் ஒரு ஜோடி செருப்புமாகப் போனேன். தேர்வானதும் அம்மா கேட்ட ஒரே கேள்வி:

"ஏரோப்ளேன்ல ஏறப் போறியா கண்ணு?"

"இல்லம்மா. கீழ நின்னு வேலை பாக்குறது."

"அப்போ போ. ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் லீவு கேட்டு வந்துடு. உனக்குக் காவடி வேண்டியிருக்கேன்."

நைனா ஒன்றும் சொல்லவில்லை. தறியை நிறுத்தாமலே தலையை ஆட்டினார்.

பயிற்சி முடிந்து, சில இடங்கள் மாறி, நான் போய்ச் சேர்ந்தது 22-ஆம் ஸ்குவாட்ரன். 1966-இல் உருவான படைப்பிரிவு. 'ஸ்விஃப்ட்ஸ்' என்று பெயர். விமானம் நாட். இருப்பிடம் கரக்பூருக்குப் பக்கத்தில் கலைகுண்டா. சென்னை சென்ட்ரலில் ஹவுரா மெயில் ஏறினால் கரக்பூரில் இறங்கிவிடலாம் என்பது ஒரு நிம்மதி.

நாட் விமானத்தை முதலில் பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வராது. நீளம் 9 மீட்டர்தான். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7 மீட்டர்கூட இல்லை. ஏணி பெரிதாக வேண்டாம். பக்கத்தில் நின்றபடியே பாதி வேலையை முடித்துவிடலாம். இங்கிலாந்தில் ஃபோலண்ட் கம்பெனிக்காக பெட்டர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. அவர்கள் நாட்டு விமானப்படையே ஒற்றை இருக்கைச் சண்டை விமானமாக அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நாம் வாங்கினோம். பெங்களூர் ஹெச்.ஏ.எல்.-இல் நாமே கட்டவும் செய்தோம். 1965-இல் சேபரை வீழ்த்தியதும் 'சேபர் ஸ்லேயர்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. வானத்தில் அதைக் கண்ணால் கண்டுபிடிப்பதே கஷ்டம். சேபரைவிட வேகமாக ஏறும், இறுக்கமாகத் திரும்பும். பட்டம் பொருத்தமானதுதான். ஆனால் எங்கள் ஆர்மமென்ட் பிரிவில் அந்தப் பட்டத்தை யாரும் கொண்டாடவில்லை. அதே 1965-இல் சண்டையின் நடுவே பீரங்கி நின்றுபோன நாட்டும் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். அப்படி நின்றுபோனதால் அடிபட்டு, பாராசூட்டில் குதிக்க நேர்ந்த விமானியும் உண்டு.

நாட்டில் இரண்டே பீரங்கிகள். 30 மில்லிமீட்டர் ஏடன். எஞ்சினுக்குக் காற்று போகும் வாயின் இரு பக்கமும் ஒவ்வொன்று. ரிவால்வர் போலச் சுழலும் அறைகள் ஐந்து. நொடிக்கு ஏறத்தாழ இருபது குண்டு பாயும். ஒரு பீரங்கிக்கு 115 தோட்டா. கணக்குப் போட்டுப் பாருங்கள்: விசையைத் தொடர்ந்து அழுத்தினால் ஆறு நொடிக்குள் எல்லாம் காலி. ஒரு விமானியை உருவாக்க நாடு செலவழிக்கும் ஆண்டுகளும் பணமும், ஒரு விமானத்தைக் கட்டிய தொழிற்சாலையும், ரேடாரும், எரிபொருளும் கடைசியில் அந்த ஆறு நொடிக்காகத்தான். அந்த நேரத்தில் ஒரு தோட்டா கோணலாக ஏறினாலும் பீரங்கி நின்றுவிடும். மேலே போன பிறகு யாரும் மூடியைத் திறந்து சரிசெய்ய முடியாது.

தோட்டாக்களைப் பட்டையாகக் கோத்திருப்பது இரும்பு லிங்க். ஒவ்வொன்றும் அடுத்ததைப் பிடித்திருக்கும். பட்டையை நீளமாகப் பரப்பி, கையால் தடவிக்கொண்டே போவோம். துரு இருக்கிறதா, வாய் விரிந்திருக்கிறதா, தோட்டா ஒரு இழை முன்னே பின்னே தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணுக்கு முன்பு விரல் சொல்லிவிடும். நைனா பாவு புணையும்போது இப்படித்தான் விரலாலேயே அறுந்த இழையைக் கண்டுபிடிப்பார்; அந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் இருந்தது. சந்தேகம் வந்த லிங்க்கைக் கழற்றி எறிந்துவிடுவோம். மழைக்காலத்தில் வங்காளத்துக் காற்றே தண்ணீர். காலையில் துடைத்த உலோகம் மதியம் வியர்க்கும். எண்ணெய் குறைந்தால் துரு ஏறும், கூடினால் அழுக்கு ஒட்டும். எங்கள் சார்ஜென்ட் ஒரு மலையாளி, வயதில் மூத்தவர். பீரங்கியைக் கழற்றி மாட்டிய பிறகு, "கண்ணை மூடிக்கிட்டு உன் தம்பிய இதுல அனுப்புவியா?" என்று கேட்பார். ஆமாம் என்று சொன்னால்தான் அடுத்த வேலை.

வேலை முடிந்ததும் ஃபார்ம் 700. விமானம் ஒவ்வொன்றுக்கும் உள்ள பதிவேடு அது. எஞ்சின்காரர் தன் வேலைக்குக் கையெழுத்துப் போடுவார், ஏர்ஃபிரேம்காரர் தன் வேலைக்கு, மின்சாரம், வயர்லெஸ், ஆக்ஸிஜன் என்று வரிசையாக. பீரங்கி, தோட்டா, இருக்கையோடு விமானியை வெளியே வீசும் வெடிமருந்து எல்லாம் எங்கள் கணக்கு. எல்லாரும் போட்ட பிறகு கடைசியில் விமானி போடுவார். அவர் எஞ்சினைத் திறந்து பார்ப்பதில்லை, தோட்டாப் பட்டையைத் தடவிப் பார்ப்பதில்லை. எங்கள் கையெழுத்தைப் பார்ப்பார், தன்னுடையதைப் போடுவார், ஏறுவார். போர் விமானப் படைப்பிரிவு என்பது இந்த நம்பிக்கைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதிகாரிகள் மெஸ் வேறு, எங்கள் மெஸ் வேறு. அவர்கள் பேசும் ஆங்கிலத்தில் எங்களில் பலருக்குப் பாதிதான் புரியும். அந்த ஒரு தாளில் மட்டும் எல்லாக் கையெழுத்தும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தது.

கலைகுண்டாவுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. 1965 செப்டம்பர் 7-ஆம் தேதி டாக்காவிலிருந்து சேபர்கள் வந்து, வரிசையாக நிறுத்தியிருந்த கான்பெராக்களையும் வாம்பயர்களையும் தரையிலேயே எரித்துவிட்டுப் போயின. அன்றே மறுபடியும் வந்தபோது 14-ஆம் ஸ்குவாட்ரனின் ஆல்ஃபிரட் குக், மம்கைன் இருவரும் ஹன்டரில் மடக்கினார்கள். அந்த நாளைக் கண்ட பழைய ஆட்கள் எங்களோடு இருந்தார்கள். விமானங்களைப் பிரித்து நிறுத்துவது, பென் என்று நாங்கள் சொல்லும் மண்மதில் கொட்டில்களுக்குள் மறைப்பது, வலை போர்த்துவது எல்லாவற்றிலும் அவர்கள் காட்டிய கண்டிப்பு முதலில் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. எரிந்த விமானத்திலிருந்து தான் இழுத்து வெளியே போட்டதைப் பற்றி அவர்களில் ஒருவர் ஒரு ராத்திரி சொன்னார். அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

1971 மார்ச் 25-ஆம் தேதி இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சொந்த மக்கள்மீதே பாய்ந்தது. ஏப்ரலிலிருந்தே எல்லையில் ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். ஸ்குவாட்ரனின் ஒரு பகுதியை டம்டம்முக்கு அனுப்பியபோது நானும் போனேன். டம்டம் சிவிலியன் விமான நிலையம். ஒரு பக்கம் பயணிகள் விமானம், இன்னொரு பக்கம் மருந்தும் போர்வையும் கொண்டுவரும் வெளிநாட்டுச் சரக்கு விமானம், ஓர் ஓரத்தில் எங்கள் குட்டி நாட்டுகள். பக்கத்திலேயே ஜெசூர் ரோடு. அந்தச் சாலையை நான் மறக்க முடியாது. இரு பக்கமும் பெரிய மரங்கள், அவற்றின் கீழே மனிதர்கள். நடந்து வந்துகொண்டே இருந்தார்கள். தாத்தாவைக் கூடையில் வைத்துத் தூளி போலத் தோளில் சுமந்து வந்த இரண்டு பேரன்களைப் பார்த்தேன். சால்ட் லேக் வெளியில் சாக்கடைக்காகக் கொண்டுவந்து போட்டிருந்த பெரிய சிமென்ட் குழாய்களுக்குள் குடும்பங்கள் இருந்தன. ஒரு குழாய் ஒரு வீடு. மழைக்காலத்தில் காலரா வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு கோடிப் பேர் வந்துவிட்டதாகக் கணக்கு.

விடுமுறை நாளில் சில பேர் சேர்ந்து அந்தப் பக்கம் போவோம். எங்கள் ரேஷனில் மிச்சம் பிடித்த பால்பவுடர், சர்க்கரை, பிஸ்கட் இவ்வளவுதான் எங்களால் ஆனது. ஒரு குழாயின் வாயில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு எங்கள் அம்மா வயதிருக்கும். டாங்கைல் பக்கத்து நெசவுக் குடும்பம் என்று எங்களோடு வந்த வங்காளி ஏர்மேன் கேட்டுச் சொன்னான். நானும் தறிக்காரன் மகன் என்று சொல்லச் சொன்னேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, விரல்நுனிகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எதையோ நீளமாகச் சொன்னார்; அவன் மொழிபெயர்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தான். மகன்களைப் பற்றியது என்று மட்டும் பிறகு தெரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு, இந்தப் பக்கம் சித்தப்பா வீடு என்று திரிந்தவனுக்கு, எல்லையைத் தாண்டினால்தான் உயிர் என்று ஓடிவந்தவர்களைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. இந்தப் போர் வேண்டும் என்று நான் நினைத்தது அந்த மாலையில்தான். இன்றைக்கும் அந்த எண்ணத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

நவம்பர் மூன்றாம் வாரத்தில் எல்லையில் சண்டை முற்றிவிட்டது. எல்லைக்கு அப்பால் கரீப்பூரில் நம் 14 பஞ்சாப் பட்டாலியனும் 45 கவல்ரியின் பி.டி.-76 டாங்கிகளும் நவம்பர் 20 இரவு உள்ளே போய் உட்கார்ந்தன. மறுநாள் அதிகாலை மூடுபனியில் பாகிஸ்தான் டாங்கிகள் பாய்ந்து வந்து, பெரும்பாலும் அழிந்தன. நம் டாங்கிகளுக்குத் தலைமை தாங்கிய மேஜர் நாரங் அங்கேயே உயிர் விட்டார். அந்தப் படைகளை அடிக்கத்தான் சேபர்கள் வந்தன. 22-ஆம் தேதி காலையில் ஒருமுறை வந்தன, நாட்டுகள் ஓடின, போய்ச் சேர்வதற்குள் சேபர்கள் திரும்பிவிட்டன. முற்பகலில் மறுபடியும். மறுபடியும் கை நழுவியது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் விமானிகளின் முகத்தைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. ஸ்குவாட்ரன் தலைவர் விங் கமாண்டர் சிகந்த். அவர் குரலை உயர்த்தவில்லை. எரிபொருள் நிரப்பினோம், பீரங்கியைச் சரிபார்த்தோம், பாதுகாப்பு ஊசிகளை மாட்டினோம், கையெழுத்துப் போட்டோம்.

மதியம் சாப்பாட்டைத் தட்டோடு லைனுக்கே கொண்டுவந்து தந்தார்கள். பருப்பு ஆறிப்போயிருந்தது. மணி அடித்தபோது சார்ஜென்ட்டின் கையில் பாதி ரொட்டி. பீரங்கியின் பாதுகாப்பு ஊசியை உருவுவது ஆர்மரரின் கடைசி வேலை. உருவிய ஊசியை, சிவப்பு நாடாவோடு, விமானி கண்ணில் படும்படி தூக்கிக் காட்ட வேண்டும். காட்டினேன். அவர் கட்டைவிரலை உயர்த்தினார். நால்வர்: ஃபிளைட் லெஃப்டினன்ட் ராய் மாஸி, அவரோடு ஃபிளையிங் ஆபீசர் சோரெஸ், ஃபிளைட் லெஃப்டினன்ட் கணபதி, அவரோடு ஃபிளையிங் ஆபீசர் டொனால்ட் லாசரஸ். இருவர் இருவராக ஓடி எழும்பிப் போனார்கள்.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. அங்கிருந்து பார்க்கக்கூடிய தூரமும் அல்ல. ரேடாரில் ஃபிளையிங் ஆபீசர் பாக்சி அவர்களைச் சேபர்களின் பின்பக்கம் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தினார். கீழே குண்டு போட்டுவிட்டு மேலே எழும்பிய சேபர்கள் கணபதிக்கும் லாசரஸுக்கும் நேர் முன்னால் வந்து விழுந்தன. 'மர்டர், மர்டர், மர்டர்' என்ற கணபதியின் குரல் வயர்லெஸ்ஸில் கேட்டது என்று ஓடிவந்து சொன்னவன் சங்கேத அறைக் காவலன். வீழ்த்திவிட்டேன் என்பதற்கு அதுதான் சொல். லாசரஸும் மிக அருகிலிருந்து சுட்டு இன்னொன்றை வீழ்த்தினார். மாஸி மூன்றாவது சேபரைத் துரத்தி இடது இறக்கையில் அடித்தார். அது புகையோடு தன் எல்லைக்குள் போய்விட்டது. மாஸி சுட்டுக்கொண்டிருந்தபோதே அவருடைய வலது பீரங்கி நின்றுபோயிருந்தது.

நான்கும் திரும்பின. எங்களுக்கு எண்ணத் தெரிந்தது அதுதான்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தரையைத் தொட்டு வரும்போதே எங்கள் கண் பீரங்கி வாயைத்தான் தேடியது. கறுத்திருந்தது. சுட்டிருக்கிறார்கள். கூட்டம் ஓடிப்போய் விமானிகளைத் தோளில் தூக்கியது. யாரோ மாலை கொண்டுவந்தார்கள். லாசரஸின் விமான மூக்கில், எதிரே வெடித்துச் சிதறிய சேபரின் துண்டுகள் பட்டிருந்தன. கொண்டாட்டத்தின் நடுவே சார்ஜென்ட் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "டான்ஸ் அப்புறம். மூடியைத் திற."

சூடு தணியாத உலோகத்தின் மேல் கை வைத்து, கருகிய கந்தக வாசனையில் மூடியைத் திறந்தது நினைவிருக்கிறது. முதல் வேலை பீரங்கியைப் பத்திரப்படுத்துவது. அடுத்தது மிச்சத் தோட்டாக்களை எண்ணுவது. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் எழுதுவோம். பட்டைகளை வெளியே எடுத்தபோது அவை காலியாக இல்லை. வீணாக விசையை அழுத்தவில்லை. நெருங்கிப் போய், தேவையான அளவு மட்டும். நின்றுபோன பீரங்கியைத் தனியாகக் கழற்றி, விளக்கு வெளிச்சத்தில், ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு உறுப்பாகப் பிரித்தோம். ஏடன் சுடும்போது குலுங்கும் குலுக்கலும், இறுகத் திரும்பும் விமானத்தில் பட்டையின் எடை பல மடங்காகி லிங்க்கை இழுப்பதும் சேர்ந்தால், தரையில் குறையே இல்லாத பட்டையும் மேலே சிக்கும். அதை அறிந்திருந்தும் அன்று எங்களில் யாரும் தூங்கவில்லை. மறுநாள் காலை மாஸி தானே எங்கள் கொட்டிலுக்கு வந்தார். குறை சொல்ல வரவில்லை. ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். எண்ணெய்க் கையைத் துடைக்கக்கூட விடவில்லை.

இரண்டு பாகிஸ்தான் விமானிகளும் பாராசூட்டில் குதித்து நம் பக்கமே விழுந்தார்கள். ஃபிளைட் லெஃப்டினன்ட் பர்வேஸ் மெஹ்தி குரேஷி, ஃபிளையிங் ஆபீசர் கலீல் அகமது. 4 சீக்கியப் படையின் இளம் அதிகாரி பனாக், தன் ஜவான்கள் கோபத்தில் குரேஷியை அடித்துவிடாதபடி தடுத்துக் காப்பாற்றினார் என்று கேள்விப்பட்டபோது எங்கள் மெஸ்ஸில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. சால்ட் லேக் குழாய்களைப் பார்த்தவர்களுக்குக் கோபம் இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் சார்ஜென்ட் சொன்னார்: "அவன் விமானத்துக்கும் ஒருத்தன் தோட்டா ஏத்தியிருப்பான். அவன் இன்னிக்கு ராத்திரி ஓடுபாதையையே பாத்துக்கிட்டு நிப்பான்." நான் அதற்கு மேல் பேசவில்லை. நாலு திரும்பி வரும் என்று காத்திருப்பது என்ன என்று அன்று மதியம்தான் எனக்கும் தெரிந்திருந்தது.

நவம்பர் 23-ஆம் தேதி பாகிஸ்தான் நெருக்கடி நிலையை அறிவித்தது. டிசம்பர் 3 வெள்ளிக்கிழமை பிரதமர் இந்திரா காந்தி கல்கத்தா பிரிகேட் பரேடு மைதானத்தில் பேச வந்திருந்தார். சாயங்காலம் மேற்கே நம் விமானத்தளங்கள்மீது குண்டு விழுந்த செய்தி அவருக்குக் கல்கத்தாவில்தான் எட்டியது. ராத்திரியே டெல்லி திரும்பினார். அன்றிரவு நகரம் இருண்டது. ஹூக்ளியின் இரு கரையிலும் ஒரு விளக்கு கிடையாது. கைவிளக்கில் நீலத்தாள் ஒட்டி, அந்த வெளிச்சத்தில் பட்டை ஏற்றினோம்.

அதன் பிறகு நாள் தேதி தெரியாமல் ஓடியது. கிழக்கில் பாகிஸ்தானுக்கு இருந்தது ஒரே ஒரு சேபர் ஸ்குவாட்ரன். தளம் டாக்காவின் தேஜ்காவ். முதல் இரண்டு நாள் ஹன்டர்களும் மிக்-21களும் அதனோடு மோதி நாமும் ஆட்களை இழந்தோம். 6-ஆம் தேதியிலிருந்து மிக்-21கள் ஓடுபாதையைக் குண்டு போட்டுப் பிளந்துவிட்டன. சேபர்கள் அதற்கப்புறம் பறக்கவே இல்லை. வானம் நமதாகிவிட்டது. எங்கள் நாட்டுகளுக்குச் சண்டை விமான வேலை குறைந்து, தரைப்படைக்குத் துணையாகப் படகு, வண்டி, ரயில் என்று தேடி அடிக்கும் வேலை வந்தது. ஆர்மரருக்கு அதுதான் முதுகொடியும் காலம். விமானம் இறங்கும், மூடி திறக்கும், பட்டை ஏறும், மூடி மூடும், மறுபடி போகும். விரல்நுனி வெடித்து, மிளகாய் தொட்டால் உயிர் போகும். 14-ஆம் தேதி டாக்காவின் கவர்னர் மாளிகையை மிக்-21கள் தாக்கின. கவர்னர் ராஜினாமா எழுதினார். அதே நாள் ஸ்ரீநகரில் எங்களைப் போலவே நாட் பறக்கும் 18-ஆம் ஸ்குவாட்ரனின் நிர்மல்ஜித் சிங் செகோன், ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே எழும்பி, ஆறு சேபர்களோடு மோதி வீரமரணம் அடைந்தார். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரம் அவருடையது. எங்கள் கொட்டிலில் அந்தச் செய்தி வந்தபோது ஒருவன் மெல்லக் கேட்டான், "அவருக்கு ஊசி உருவினவன் இப்போ என்ன பண்ணுவான்?" யாரும் பதில் சொல்லவில்லை.

16-ஆம் தேதி டாக்கா ரேஸ்கோர்ஸில் சரண் பத்திரம் கையெழுத்தானது. 93,000 பேர் கைதிகள். டம்டம்மில் பட்டாசு, பாட்டு, தெருவெல்லாம் வண்ணப்பொடி. ஜனவரியிலிருந்து ஜெசூர் ரோடு எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கியது. டாங்கைல் அம்மாளைத் தேடி அந்தக் குழாய்க்குப் போனேன். வேறொரு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

1972-இல் ஆடிக் கிருத்திகைக்கு லீவு கிடைத்தது. திருத்தணி மலையில் புஷ்பக் காவடி எடுத்தேன். படியேறும்போது அம்மா என் விரல்களைப் பார்த்து, "தறி வேலையே தேவலையாடா" என்றாள். ஊரில் எல்லாரும் எத்தனை விமானத்தைச் சுட்டாய் என்று கேட்டார்கள். நைனா மட்டும் பீரங்கிப் பட்டையைக் கோப்பது எப்படி என்று கேட்டார். திண்ணையில் குச்சிகளையும் நூலையும் வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, ஓரிடத்தைத் தொட்டு, இழுக்கும்போது இங்கேதான் சிக்கும் என்றார். ராத்திரி முழுக்கப் பிரித்துப் பார்த்து நாங்கள் சந்தேகப்பட்ட இடமும் அதுதான்.

மாஸி, கணபதி, லாசரஸ் மூவருக்கும் வீர் சக்கரம் கிடைத்தது. குரேஷி கைதியாக இருந்து விடுதலையாகி, பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைக்கே தலைவரானார். அப்போது லாசரஸ், நாம் வானத்தில் சந்தித்திருக்கிறோம் என்று அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுத, மரியாதையான பதிலும் வந்தது. லாசரஸ் குன்னூரில் குடியேறிவிட்டார். நாட் விமானங்கள் ஓய்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஒன்றை டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்தேன். பீரங்கி வாயை அடைத்துச் சாயம் பூசியிருந்தார்கள்.

மூன்றாவது சேபரைப் பற்றி இப்போதும் வாதம் உண்டு. மூன்றும் வீழ்ந்தன என்றுதான் அன்று நம் வானொலி சொன்னது, நாங்களும் பல்லாண்டு அப்படியே சொன்னோம். அதை ஓட்டியவர் விங் கமாண்டர் சவுத்ரி. அடிபட்ட விமானத்தோடு தேஜ்காவ் போய் இறங்கிவிட்டார் என்பது பாகிஸ்தான் கணக்கு. நான் அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு பீரங்கியும் கடைசிவரை ஓடியிருந்தால் அவர் திரும்பியிருப்பாரா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். ஆர்மரராக அந்தப் பீரங்கி நின்றது இன்றும் வலிக்கிறது. ஒரு மனிதன் வீடு போய்ச் சேர்ந்தான் என்பதும் தெரிகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி என்னால் இந்தக் கதையை முடிக்க முடியவில்லை.

ஸ்குவாட்ரன் வரலாறு எழுதுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற விமானிகளைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுக்கிறார்கள், நல்ல காரியம். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அன்று டம்டம் லைனில் நின்ற ஏர்மென்களையும் தேடுங்கள். கேரளத்திலும் பீகாரிலும் பஞ்சாபிலும் எங்கள் பள்ளிப்பட்டு மாதிரி ஊர்களிலும் எண்பதை நெருங்கிய கிழவர்களாக இன்னும் சிலர் இருப்பார்கள். நவம்பர் 22-ஆம் தேதியிட்ட அந்த நான்கு ஃபார்ம் 700 தாள்கள் எந்த அலமாரியிலாவது பத்திரமாக இருந்தால், விமானி கையெழுத்துக்கு மேலே உள்ள கையெழுத்துகளையும் படியுங்கள். பெயர் புரியாவிட்டால் என்னைக் கேளுங்கள். ஆர்மமென்ட் வரிசையில் உள்ளவை யார் யாருடையவை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.